ஐவரில் ஒருவர் சறுக்கினால்

"பேட்ரிக் மஹோம்ஸ் மாதிரி ஆட்டக்காரர் இருந்தும் ஒரு டச்டவுன்கூட எடுக்காமல் ஓர் அணி எப்படித் தோற்கும்?" அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 பிப்ரவரி 7 அன்று நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தைச் சொல்கிறார். (எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன்.) டாம்பா பே 31, மஹோம்ஸின் கான்சஸ் சிட்டி 9.

விடை மஹோம்ஸுக்கு முன்னால் நின்ற ஐந்து பேரிடம் இருக்கிறது. நடுவில் சென்டர், இருபக்கமும் கார்டுகள், இரு ஓரத்திலும் டேக்கிள்கள். ஆளுக்குச் சுமார் 140 கிலோ. பாஸ் பிடிக்கும் வேலை பொதுவாக இவர்களுக்குக் கிடையாது. பாய்ந்து வருபவர்களை மறித்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது மஹோம்ஸுக்கு, இரண்டரை வினாடி வாங்கிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. ஐவரில் ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது முறை தன் ஆளை இரண்டரை வினாடி மறித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஐவரும் ஒரே நேரத்தில் மறித்தாக வேண்டுமே! 0.9ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 0.59 வரும். அதாவது நூற்றுக்கு 41 முறை எவரோ ஒருவர் வழியாக எதிராளி உள்ளே வந்துவிடுகிறார். சரி, பெரும் பணம் கொடுத்து ஒருவரை மட்டும் 99 சதவீதக்காரராக மாற்றுவோம். விடை 0.65. இத்தனை செலவுக்கும் ஆறு புள்ளிதான் ஏறியது. அதற்குப் பதில் ஒருவர் காயப்பட்டு, அறுபது சதவீத ஆள் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால்? 0.39. இருபது புள்ளி போயிற்று! வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் தண்ணீர் உடைப்பு வழியாகத்தான் போகும்.

களத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. கை காலியாக இருப்பவர் பக்கத்து ஆளுக்கு உதவுவார். ஆனால் அந்த உதவியே சில நேரம் வினையாகிறது: பலவீனமானவர் பக்கம் சாய்ந்து சாய்ந்து நின்றால், மறுபக்கம் இடைவெளி விழும்.

அன்று கான்சஸ் சிட்டிக்கு இரண்டு டேக்கிள்களும் இல்லை. எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரம் முன்புதான் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. மிட்செல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகுக் காயம். இல்லாதவர்கள் இருவர் என்றாலும் மூன்று இடங்களில் ஆள் மாற வேண்டியிருந்தது. ஷ்வார்ட்ஸுக்குப் பதில் வலது டேக்கிளாக ஆடிவந்தவர் இடது ஓரத்துக்குப் போனார், வலது கார்டு வலது டேக்கிள் ஆனார், கார்டு இடத்துக்குப் பெஞ்சிலிருந்து ஒருவர் வந்தார்.

இதிலிருந்து கேடு மொத்த ஆட்டத்துக்கும் பரவுகிறது. வரிசைக்குத் துணையாக, பாஸும் வாங்கக்கூடிய டைட் எண்டையோ ரன்னிங் பேக்கையோ நிறுத்தினால், பாஸ் வாங்க ஓடுபவர்கள் குறைகிறார்கள். எதிரணிக்கோ நான்கு பேரைப் பாயவிட்டாலே போதும் என்றாகிறது. மீதி ஏழு பேர் பின்னால் நின்று பாஸ் வாங்கும் ரிசீவர்களைக் கவனித்துக்கொள்வார்கள். டாம்பா பேயின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டாட் பௌல்ஸ் அதைத்தான் செய்தார். கூடுதல் ஆட்களைப் பாயவிடும் ப்ளிட்ஸுக்குப் பேர்போனவர், அன்று அதை அநேகமாகத் தொடவேயில்லை. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் கணக்கில் மஹோம்ஸ் 29 முறை நெருக்கப்பட்டார். பந்தை விடும் முன்பும் பிடிபடும் முன்பும் அவர் அங்குமிங்கும் ஓடிய தூரம் மட்டும் 497 யார்டு.

அணி நிர்வாகத்துக்குப் பாடம் புரிந்தது. 2023 சூப்பர் பௌலில் அந்த வரிசையில் நால்வர் புதியவர்கள். எதிரணியான பிலடெல்பியா அந்தப் பருவத்தில் 70 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்திருந்த அணி. அன்று ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. கான்சஸ் சிட்டி 38-35 என்று வென்றது.

இன்று ஆட்டக்காரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் சில்லு வைத்து, வினாடிக்குப் பத்து முறை இடம் குறித்து, யார் இரண்டரை வினாடி தாங்கினார் என்று எண்ணுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த ஐவரின் தலையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மோதிக்கொண்டேயிருக்கிறது. தலையில் படும் அடிகளோடு தொடர்புள்ள சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய், இந்த ஆட்டத்தின் லீகான என்எஃப்எல் ஆட்டக்காரர் ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது மைக் வெப்ஸ்டர் என்ற சென்டரிடம்தான், 2002இல் அவர் இறந்த பிறகு. மூளை ஆய்வுக்கென 2012இல் 3 கோடி டாலர் தருவதாக லீக் அறிவித்தது. அந்தப் பணம் யார் கைக்குப் போகலாம் என்பதில் லீக் தலையிட முயன்றதாக 2016இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை சொன்னது. ஆய்வு முடிவால் நஷ்டப்படக்கூடியவரிடம் ஆய்வு நிதியின் சாவியைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தில் வரிசையின் பங்கு இன்னும் வெளிப்படை. 1990களில் டென்வர் அணியின் வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ், லீக்கிலேயே எடை குறைந்த வரிசைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு ஐவரையும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகரச் செய்தார். எதிரணியும் கூடவே நகர்ந்தாக வேண்டும். நகரும்போது எங்கோ ஒரு சந்து திறக்கும். ஓடுபவர் பொறுத்திருந்து அதில் சட்டென்று திரும்பிப் பாய்வார். டெரல் டேவிஸ் 1998இல் 2008 யார்டு ஓடினார். மறு ஆண்டு அவருக்கு முழங்கால் போயிற்று, ஒலாண்டிஸ் கேரி வந்து 1159 ஓடினார். 2000இல் மைக் ஆண்டர்சன் 1487. 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1508. டேவிஸும் ஆண்டர்சனும், அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் வீரர் தேர்வில் ஆறாம் சுற்றுவரை எவரும் சீண்டாதவர்கள்.

2004இல் டென்வர் அந்தப் போர்ட்டிஸையே வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு, தடுப்பாட்டத்துக்குச் சாம்ப் பெய்லியை வாங்கிக்கொண்டது. அந்தப் பருவத்தில் ரூபன் ட்ரோன்ஸ் என்பவர் 1240 யார்டு ஓடினார்.