சீட்டு கொடுத்தால் முடிந்ததா? பள்ளிக் கண் பரிசோதனை பற்றி

பள்ளிகளுக்குக் கண் பரிசோதனைக்குப் போகும்போது ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வது இது: "எங்க பிள்ளைங்க யாரும் கண் தெரியலன்னு சொன்னதே இல்லையே, டாக்டர்." சொல்லமாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து உலகம் மங்கலாகவே தெரிகிற குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நல்ல கண்ணை வைத்தே ஓடும், விளையாடும், படிக்கும்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு கண்களாலும் கடைசி வரிவரை படித்தாள். இடது கண்ணை மூடியதும் மேலே இருக்கும் பெரிய எழுத்தோடு நின்றுவிட்டாள். உடனே தலையைச் சாய்த்து, மூடிய கண்ணால் எட்டிப் பார்க்க முயன்றாள். வலது கண்ணில் பவர் அதிகம். அது யாருக்கும் தெரியாமலே அந்தக் கண் 'சோம்பல் கண்' ஆகியிருந்தது.

இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம், மாறுகண், பிறவிப் புரை போன்ற காரணங்களால் ஒரு கண்ணின் பிம்பம் தெளிவில்லாமல் போனால், வளரும் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கப் பழகிவிடுகிறது. பிறகு கண்ணாடி போட்டால்கூட அந்தக் கண் உடனே தெளிவாகப் பார்க்காது. 7 வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். அதற்குப் பிறகும் முயலலாம், பல குழந்தைகளுக்கு ஓரளவு முன்னேற்றம் கிடைக்கும். முதலில் கண்ணாடி, அது போதாவிட்டால், மங்கலான கண் வேலை செய்யும்படி நல்ல கண்ணை மூட ஒட்டுத்துணி. மிதமான பாதிப்புக்குத் தினமும் 2 மணி நேரம் ஒட்டினாலே 6 மணி நேரத்துக்கு நிகரான பலன் கிடைப்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பெற்றோருக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பரிசோதனை முறை எளிது. ஸ்நெல்லன் 1862இல் வடிவமைத்த எழுத்துப் பலகை, 6 மீட்டர் தூரம், நல்ல வெளிச்சம். பயிற்சி பெற்ற ஆசிரியரே செய்யலாம். ஆனால் குழந்தையின் கையால் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், விரலிடுக்கில் பார்க்கும். வரிசையில் நிற்பவர்களுக்குப் பலகை தெரியக் கூடாது, மனப்பாடம் செய்துவிடுவார்கள். இன்னொன்று: கடைசி வரியைப் படித்துவிட்டால் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. தூரப்பார்வை (பிளஸ் பவர்) உள்ள குழந்தை கண்ணைச் சிரமப்படுத்திப் படித்துவிடும். தலைவலி, வாசிக்கும்போது சலிப்பு, கண் உள்நோக்கித் திரும்புவது, இவற்றில் எது இருந்தாலும் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பவரைப் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம்தான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிற பகுதி வருகிறது. குறை இருப்பதாக எழுதிக் கொடுத்த சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அடுத்த வருடம் அதே குழந்தைக்கு அதே சீட்டை மறுபடி எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வருடம் திரும்பி வராது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது; கேலிக்குப் பயந்து அதைக் கழற்றிப் பையில் வைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் நான் போகும் பள்ளிகளில், பெயர்ப் பட்டியலை ஒரே ஆசிரியர் பொறுப்பில் விடச் சொல்கிறேன். அவர் பெற்றோரிடம் நேரில் பேச வேண்டும், மூன்று மாதம் கழித்து யார் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் பார்க்க வேண்டும். ஃபிரேமைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். இதற்கெல்லாம் ஆள் இல்லை என்றால், பரிசோதனையைக் குறைவான வகுப்புகளுக்கு வைத்தாலும் பரவாயில்லை, பின்தொடர்தலை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கப் பள்ளி செய்யக்கூடியது ஒன்று உண்டு: பகல் வெளிச்சத்தில் விளையாட விடுவது. தைவான் 2010இல் தினமும் 120 நிமிடம் வெளியில் என்று திட்டமே தொடங்கியது. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளி நேரத்தில் 40 நிமிடம் கூட்டியதற்கே பலன் தெரிந்ததாக 2015இல் ஆய்வு வெளியானது. விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தச் சிறுமிக்குக் கண்ணாடியும், மாலையில் படம் வரையும்போது 2 மணி நேர ஒட்டுத்துணியும் கொடுத்தோம். அவளுடைய வகுப்பாசிரியை மாதாமாதம் அம்மாவை அழைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு மாதம் கழித்து வந்தபோது, வலது கண்ணால் மட்டும் ஐந்தாவது வரியைப் படித்தாள்.