கூரையில் சோலார்: கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், ஆயா என்று கூப்பிடுவோம், போன மாதம் சோலார் பேனல் போடுவதற்கான, நாலாக மடித்த ஒரு கொட்டேஷனோடு வந்தார். மொத்தம் 1,20,000 ரேண்ட். அதற்கு அடியில் பேனாவால் ‘அரசு வரிச் சலுகை 15,000 கழியும்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் விற்க வந்த ஆள்.

அந்தச் சலுகை இப்போது இல்லை. 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரைதான் இருந்தது, நீட்டிக்கவில்லை. இருந்தபோதும் புதிய பேனல் விலையில் 25 சதவீதம்தான், அதிகபட்சம் 15,000. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் ஒரு சென்ட் கிடையாது. வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை என்பதால், வரியே கட்டாத ஆயாவுக்கு அன்றைக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. மின் இணைப்புச் சான்றிதழின் (வேலை விதிப்படி பாதுகாப்பாகச் செய்யப்பட்டது என்று எலெக்ட்ரீஷியன் தரும் தாள்) தேதியும் அந்த ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியில், பணத்தை முன்பே கட்டியும் ஏமாந்தவர்கள் உண்டு. இன்றைக்கு யாராவது இந்தத் தொகையைக் கழித்துக் காட்டினால், அந்த ஆளிடம் வாங்காதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு மின்சாரம் விற்பது யார் என்று பில்லின் தலைப்பில் பாருங்கள். அரசு மின் நிறுவனமான எஸ்காம், தன்னிடம் நேரடியாக வாங்கும் வீடுகளுக்கு, சோலாரின் திறன் 50 கேவிஏ வரை இருந்தால் பதிவுக் கட்டணம் இல்லை, மீட்டரும் இலவசம் என்று 2026 மார்ச் வரைக்கும் சலுகை அறிவித்தது. டர்பனில் நம்மில் பெரும்பாலோருக்கு முனிசிபாலிட்டிதான் விற்கிறது. அந்த அறிவிப்பு நமக்கானது அல்ல. அதைக் காட்டி ‘எல்லாம் இலவசம்’ என்று சொல்லி விற்கிறார்கள்.

உங்களுக்கு மின்சாரம் விற்பவரிடம் சோலாரைப் பதிவு செய்வது கட்டாயம். பேனல் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று காண்ட்ராக்டர் சொல்வார். பணம் முழுதும் கைக்குப் போனபிறகு போனை எடுக்க மாட்டார். நீங்கள் போய் நின்றால் இந்தக் கவுண்ட்டர் அந்தக் கவுண்ட்டருக்கு அனுப்பும், அது காண்ட்ராக்டரைக் கேள் என்று திருப்பி அனுப்பும். அதனால் கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள். அனுமதிக் கடிதமும், மின் இணைப்புச் சான்றிதழும், இன்வெர்ட்டர் அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கான தாளும் கையில் வந்த பிறகே கொடுங்கள். பதிவு செய்யாமலே ஓட்டுகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வீட்டில் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது அந்த மின் இணைப்புச் சான்றிதழைத்தான்.

ஆயாவின் பில்லைப் பார்த்தேன். எட்டு வருடம் முன்பு இறந்த தாத்தாவின் பெயரில் இருக்கிறது. கணக்கு யார் பெயரில், வீடு யார் பெயரில் என்ற கேள்வி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே வரும். நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். சோலார் பேச்சை எடுப்பதற்கு முன் இதைச் சரி செய்யுங்கள்.

கூரையும் முக்கியம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பழைய வீடுகளில் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் சாதாரண ஆள் ஏறி ட்ரில் போடக் கூடாது. பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் காண்ட்ராக்டர்தான் தொட வேண்டும், அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது. பழைய ப்ரீபெய்டு மீட்டரையும் கவனியுங்கள். பேனலிலிருந்து மிச்ச மின்சாரம் வெளியே போகும்போது சில மீட்டர்கள் நின்றுவிடும், சில அதையும் நீங்கள் செலவழித்ததாகவே கழிக்கும். அப்புறம் ஒன்று, இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தெற்கே பார்த்து வை என்பார்கள். நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே வடக்கே பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சரி, லாபமா? பகலில் நேரடியாகப் பயன்படுத்தும் யூனிட்தான் உங்கள் சம்பாத்தியம். ஒரு நாளைக்கு 10 யூனிட், யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 10,950. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். ஆயாவின் 1,20,000 திரும்ப வர 11 வருடம். அதையே 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் வருட வட்டி மட்டும் 14,400. மிச்சமாகும் பணம் வட்டிக்கே போதாது. எஸ்காம் விலை 2023ல் 18.65 சதவீதமும், அடுத்த இரண்டு வருடமும் 12.74 சதவீதமும் ஏறியது உண்மை. ஏற ஏறக் கணக்கு உங்கள் பக்கம் வரும், ஆனால் கடன் எடுத்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் அல்ல. பகலில் வீடு பூட்டிக் கிடந்தால் 10 யூனிட்டும் வராது.

லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) பயத்தையும் இதோடு கலக்காதீர்கள். அதற்குப் பேட்டரி, பில்லுக்குப் பேனல். இரண்டின் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதிகம் தின்பது கீசர்தான். கையில் பணம் குறைவு என்றால் வெந்நீருக்கு மட்டும் சோலார் கீசர் விசாரியுங்கள்.

ஆயா கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பில்லில் பெயர் மாற்ற, தாத்தாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். நானும் கூடப் போகிறேன்.