லேசருக்குக் ‘குவியொளி’ எப்படிப் பொருந்தும்?

‘லேசர் எனப்படும் குவியொளி’ என்ற தொடரை முதலில் ஒரு மாணவர் கையேட்டில் பார்த்தேன். ஒருமுறை வந்து தானே மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஓர் அறிவியல் உரையில் காதில் விழுந்தது. சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் பக்கத்துக்கு இரண்டு குவியொளி இருந்தது. மொழிபெயர்த்த இளைஞரை அழைத்துக் கேட்டேன். “லேசர் என்றால் ஒளியை ஒரே இடத்தில் குவிப்பதுதானே ஐயா?” என்றார். சொல் மட்டும் தவறாக இருந்தால் சிவப்பு மையால் திருத்திவிட்டுப் போயிருப்பேன். இங்கே தவறான பாடத்தையே ஒரு சொல் சுமந்துகொண்டு திரிகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் என்பது முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்: ‘லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்’. தூண்டப்பட்ட உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல் என்பது பொருள். 1957 நவம்பரில் கார்டன் கூல்ட் என்ற அமெரிக்க இயற்பியலர் தம் குறிப்பேட்டில் இதை எழுதி வைத்தார். அதற்கு முன்பே, 1954இல், சார்லஸ் டவுன்ஸின் குழு நுண்ணலையைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் மேசரை இயக்கிவிட்டது. டவுன்ஸும் ஆர்தர் ஷாலோவும் 1958இல் எழுதிய கட்டுரையில் ‘ஒளி மேசர்’ என்றுதான் குறிப்பிட்டார்கள். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். நிலைத்தது கூல்ட் வைத்த பெயர். ஆங்கிலத்தில் அதிலிருந்து ஒரு வினைச்சொல்லையே பிரித்தெடுத்துக்கொண்டார்கள். இத்தனை எழுத்துகளில் எங்கேயாவது ‘குவித்தல்’ இருக்கிறதா? இல்லை.

பெயரில் இல்லாவிட்டாலும் பொருளில் இருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிடுவோம். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்காத குழந்தை உண்டா? அங்கே நடப்பதுதான் ஒளி குவிதல். குவியொளிதான் லேசர் என்றால், அந்தக் குழந்தை கையில் இருப்பதும் லேசர்தான். மாறாக, திரையில் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் சிறு லேசர் சுட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் குறைக்கடத்தி டையோடிலிருந்து ஒளி மெல்லிய கோடாக வருவதில்லை, விசிறி போல விரிந்துகொண்டே வெளியேறுகிறது. முன்னால் பொருத்தியிருக்கும் சின்ன லென்சுதான் அதை இணையாக்கிக் கற்றையாக அனுப்புகிறது. லென்சைக் கழற்றிவிட்டால் ஒளி விரிந்து போகும். அப்போதும் அது லேசர்தான். குவிந்தாலும் லேசர், விரிந்தாலும் லேசர் எனும்போது குவிதல் எப்படி அதன் இலக்கணம் ஆகும்?

‘விரியவே விரியாத ஒளி’ என்று சிலர் அடுத்த படிக்குப் போவார்கள். விரியாத கற்றை உலகில் கிடையாது. அலை என்றிருந்தால் விளிம்பு விளைவு, அதாவது விளிம்பில் வளைந்து பரவும் இயல்பு, இருக்கும், அது இருந்தால் விரிவும் இருக்கும். 1969இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களை நோக்கிப் பூமியிலிருந்து லேசரை அனுப்புகிறார்கள். தொலைநோக்கி வழியாகச் செம்மைப்படுத்தி அனுப்பிய கற்றையே நிலவைத் தொடும்போது கிலோமீட்டர் கணக்கில் அகன்றுவிடுகிறது. போய்வர இரண்டரை நொடி. திரும்பி வரும் ஒளித்துகள்களை விரல்விட்டு எண்ணலாம்.

‘செறிவொளி’ என்று இன்னொரு வடிவமும் கண்ணில் படுகிறது. குவியொளியின் தம்பி. சுட்டியின் ஒளி ஒரு மில்லிவாட் அளவு. வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான ஒளியை அறை முழுவதும் கொட்டுகிறது. எஃகை அறுக்கும் லேசர்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வலிமை லேசரின் வகைக்கு வகை மாறும். மாறுவதை எடுத்துப் பெயராக வைப்பது, எல்லா மரத்துக்கும் ‘உயரமானது’ என்று பெயர் வைப்பதைப் போன்றது.

இந்த இடத்தில் அந்த இளைஞர் மடக்கினார். “ஒரு மில்லிவாட்தான் என்றால் கண்ணில் அடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?” நல்ல கேள்வி. நேரடியாகச் சூரியனைப் பார்த்தால் சுருங்கிய கண்மணி வழியே ஏறக்குறைய மூன்று மில்லிவாட் உள்ளே போகும். சுட்டியைவிட அதிகம். ஆனால் சூரியன் நமக்கு ஒரு வட்டாகத் தெரிகிறது. விழித்திரையில் அதன் பிம்பம் சுமார் 0.15 மில்லிமீட்டர் அகலமாக விழுகிறது. லேசரின் அலைகள் ஒரே ஒழுங்கில் வருவதால், கண்ணின் லென்சு அவற்றை மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு அகலமுள்ள புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குறைந்த ஆற்றல்தான், ஆனால் அது விழும் பரப்பு அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆக, குவிப்பது நம் கண். அப்படிக் குவிய விடுவது ஒளியின் ஒழுங்கு. சூரியன், லேசர் இரண்டையும் நேராகப் பார்க்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஆற்றல் ஏற்றப்பட்ட ஓர் அணு, தனக்குத் தோன்றியபோது கீழிறங்கி ஓர் ஒளித்துகளை உமிழும். எந்த நேரம், எந்தப் பக்கம் என்று கணக்கில்லை. இது தன்னிச்சை உமிழ்வு. சுடரும் சூரியனும் மின்விளக்கும் இவ்வகைதான். ஐன்ஸ்டைன் 1917இல் இன்னொரு வழியும் இருந்தாக வேண்டும் என்று காட்டினார். மேல்நிலையில் காத்திருக்கும் அணுவின் அருகே, அதற்குப் பொருந்திய ஆற்றலுடைய ஓர் ஒளித்துகள் கடந்து போனால், அந்த அணு தூண்டப்பட்டு இறங்கி, வந்த துகளுக்கு இரட்டைப் பிள்ளை போல இன்னொன்றை ஈன்றுவிடும். அதே அதிர்வெண், அதே கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் ஒன்றாகவே நடக்கும்), அதே திசை. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இரு முனையிலும் கண்ணாடி வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒரு முனையில் மட்டும் சிறிது கசிய விட்டால் அதுதான் லேசர். ‘பெருகுகிறது’ என்றதும் இனாமாக ஆற்றல் கிடைக்கிறதோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அணுக்களை மேலே ஏற்றிவைக்க மின்சாரமோ பளிச்சிடும் விளக்கோ செலவாகிறது. செலவில் ஒரு பகுதிதான் ஒளியாகத் திரும்பும்.

இதனால்தான் எனக்குச் ‘சீரொளி’ பிடித்திருக்கிறது. நான் உண்டாக்கிய சொல் இல்லை, ஏற்கெனவே எழுத்தில் இருப்பதுதான். சீர் என்றால் ஒழுங்கு, அளவு. யாப்பு படித்தவருக்கு அது செய்யுளின் உறுப்பு. அசை சேர்ந்து சீராகி, சீரும் சீரும் தளையால் கட்டுண்டு அடியாகிறது. உரைநடையில் இருக்கும் அதே சொற்கள்தான் வெண்பாவிலும் இருக்கின்றன. சூரிய ஒளியில் இருக்கும் அதே ஒளித்துகள்கள்தான் லேசரிலும் இருக்கின்றன. ஒன்றில் தளை இல்லை, மற்றதில் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்க, பூதக்கண்ணாடியிலிருந்து ஏன் பெயரெடுக்க வேண்டும்?

சோதித்துப் பார்க்க விரும்பினால், வெள்ளைச் சுவரில் லேசர் சுட்டியின் புள்ளியை விழவிட்டு, சுவரைப் பாருங்கள். வழவழப்பாக இருக்காது. மின்னும் மணல் தூவியது போலப் பொரிபொரியாக இருக்கும். தலையை அசைத்தால் அந்த மணலும் நகரும். கிட்டப்பார்வைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சுவர் மங்கும், மணல் மங்காது. சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களிலிருந்து திரும்பும் அலைகள் ஒழுங்கு குலையாமல் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் பொரி அது. பூதக்கண்ணாடி எவ்வளவு குவித்தாலும் வெயில் இப்படிப் பொரியாது.

மற்ற போட்டிச் சொற்களுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். ‘ஒருநிற ஒளி’ என்பார்கள். பெரும்பாலான லேசர்களுக்குச் சரி. ஆனால் நொடியில் கோடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு மின்னி மறையும் துடிப்பு லேசர்களில் நிறங்களின் அகன்ற பட்டையே இருக்கிறது. அவ்வளவு குறுகிய துடிப்பு ஒரே நிறத்தால் அமையவே முடியாது. அங்கேயும் அந்த நிறங்களின் கட்டங்கள் ஒன்றுக்கொன்று பிணைந்துதான் இருக்கின்றன. சீர்கள் பல, தளை உண்டு. ‘ஒருநிறம்’ தோற்கும் இடத்திலும் ‘சீர்’ நிற்கிறது.

‘ஒளிப்பெருக்கி’ நேர் மொழிபெயர்ப்பு என்பதால் அதற்கு ஆதரவாளர்கள் அதிகம். ஒலிபெருக்கியோடு குழம்பும் என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு. கண்ணாடி இழைக் கேபிள்களில் களைத்துப்போகும் ஒளியை வழியிலேயே வலுப்படுத்தி அனுப்பும் கருவி ஒன்று உண்டு. எர்பியம் கலந்த இழையால் ஆனது. கண்ணாடிகளுக்கு இடையே முன்னும் பின்னும் ஓட்டாமல், வந்ததை வாங்கிப் பெருக்கி விட்டுவிடும். ஒளிப்பெருக்கி என்ற பெயர் அதற்குச் சொந்தம். லேசருக்குக் கொடுத்துவிட்டால் அதை எப்படி அழைப்பது?

‘தூண்டொளி’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். செவிக்கு இனியது. தூண்டுதல் விளக்கோடு பிறந்த சொல். திரியை மேலேற்றும் கோலுக்குத்தானே தூண்டுகோல் என்று பெயர்? ஆயினும் ஒளியால் தூண்டப்பட்டு ஒளிர்பவை எல்லாம் லேசர் அல்ல. ஒளியை வாங்கி உடனே வேறு நிறத்தில் உமிழும் உடனொளிர்வும் (ஃப்ளோரசன்ஸ்) அப்படித்தான் நடக்கிறது. அதனால் ‘தூண்டிய உமிழ்வு’ என்ற நிகழ்வுப் பெயருக்குத் ‘தூண்டு’ போதும். ‘தூண்டல் உமிழ்வு’ என்று எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மின்காந்தத் தூண்டல் படித்த மாணவர் கம்பிச்சுருளைத் தேடிப் போய்விடுவார். பாடநூல்களில் உள்ள ‘ஓரியல்’ நல்ல சொல். அலைகள் ஒழுங்கு குலையாமல் சேர்ந்து வரும் பண்புக்கே அதை வைத்துக்கொள்வோம்.

சொல்ல வந்தது இத்துடன் முடிந்திருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பியதுதான் என் தவறு. மேல்நிலை அணுக்களின் எண்ணிக்கை கீழ்நிலையில் உள்ளவற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது லேசரின் அடிப்படை நிபந்தனை. இரண்டே நிலைகள் உள்ள அணுவை எவ்வளவு ஒளி பாய்ச்சி ஏற்றினாலும் பாதிக்குப் பாதிக்கு மேல் போகாது. ஏற்றும் ஒளியே இறங்கவும் தூண்டிவிடும். அதனால்தான் மாணிக்கத்தில் மூன்று நிலைகள் தேவைப்பட்டன. மேல்நிலையில் எண்ணிக்கை மிகும் இந்த நிலைமைக்கு அந்தப் பிரதியில் இருந்த பெயர் ‘மக்கள்தொகை தலைகீழாக்கம்’. மாணிக்கக் கல்லுக்குள் எந்த மக்கள் குடியிருக்கிறார்கள்? அகராதியில் முதல் வரியில் கண்டதை எடுத்து வைப்பதற்குப் பொறி போதும், ஆள் வேண்டியதில்லை. ‘எண்ணிக்கைத் தலைகீழ்’ என்றால் யாருக்கும் புரியும்.

அதற்கும் கீழே ‘லேசர் கதிரியக்கம்’. இதைப் படிக்கும் ஒருவர் லேசர் சிகிச்சைக்குப் போக அஞ்சினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அணுக்கரு சிதைந்து கதிர் வெளிப்படுவது கதிரியக்கம். வானொலி அலை முதல் விளக்கொளி வரை எல்லாம் கதிர்வீச்சு. லேசர் பெயரின் கடைசி எழுத்து குறிப்பது இரண்டாவதை. கண்ணுக்குத் தெரியும் லேசர் ஒளி சுடலாம், பார்வையைப் பறிக்கலாம். அணுஉலைக் கசிவோடு அதற்கு உறவில்லை.

லேசர் என்ற எழுத்துக்கூட்டலைப் பற்றியும் கேட்கிறார்கள். லகரம் தமிழில் மொழிமுதல் வராது, ‘இலேசர்’ என்று எழுத வேண்டும் என்பது இலக்கணப்படி சரி. ஆனால் இலேசு, இலேசான என்ற சொற்களின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். ‘இலேசரால் அறுத்தார்’ என்றால் மெதுவாக அறுத்தார் போலக் கேட்கிறது. கருவிக்கு லேசர், அது தரும் ஒளிக்குச் சீரொளி என்று நான் பிரித்து எழுதுகிறேன். வினைச்சொல் ஒன்றுதான் இன்னும் அமையவில்லை. ‘சீரொளிர்ந்தது’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நாக்கு இடறியது. ‘சீரொளி தரத் தொடங்கியது’ என்று நீட்டித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இளைஞர் பிரதியைத் திருத்தி நேற்று அனுப்பிவிட்டார். குவியொளி எல்லா இடத்திலும் சீரொளியாகியிருந்தது. ஒரே உத்தரவில் மாற்றியிருப்பார் போலும்; பூதக்கண்ணாடியைப் பற்றிய பத்தியிலும் சீரொளிதான் காகிதத்தைக் கருக்கிக்கொண்டிருக்கிறது.