வீகன்: தமிழில் நனிசைவம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு வீட்டில் ‘நான் சைவம்’ என்று சொன்னால், மீன், முட்டை எதுவும் இல்லாமல் சமைத்துவிடுவார்கள். ஆனால் பருப்பில் நெய் மணக்கும், சோற்றுக்குத் தயிர் வரும், அப்புறம் பால்மா தேத்தண்ணியும் வரும். பால் நமக்குச் சைவம்தான். வீகனுக்கு அதுவும் இல்லை. பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் வீகன்கள் உண்பதில்லை. தோல் செருப்பு, கம்பளி, திருவிழாவுக்குக் கட்டும் பட்டுச் சேலைகூட வேண்டாம் என்பார்கள்.

1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சிலரும், பாலும் தொடாத மரக்கறிக்காரர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘வெஜிடேரியன்’ என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சேர்த்துப் பிறந்ததுதான் ‘வீகன்’ என்ற பெயர். உச்சரிப்பு வீகன், ‘வேகன்’ என்று எழுதினால் ரயில் பெட்டியாகிவிடும்.

தமிழில் நனிசைவம் என்கிறோம். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். சைவத்தைவிட மிகுந்தது நனிசைவம், அதைக் கடைப்பிடிப்பவர் நனிசைவர். எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக்கம் இது. ‘சுத்த சைவம்’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. அந்தப் பலகை மாட்டிய கடையில்தான் நெய்த்தோசை கிடைக்கிறது. ‘தாவர உணவு’ என்றால் செருப்பும் சேலையும் விடுபட்டுப்போகும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மலையகச் சமையல் பெரிய துணை. கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, நுவரெலியா லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி எல்லாம் அப்படியே பொருந்தும். தேங்காய்ப்பாலில் பெயர்தான் பால், தாராளமாகச் சேர்க்கலாம். தேத்தண்ணிக்குப் பிளேன்டீ இருக்கிறது. கடைச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள், பணிஸில் பட்டரும் முட்டையும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. ‘இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை’ என்பது அந்தச் சங்கத்தின் வரையறையிலேயே உண்டு. ஆனால் பி12 விட்டமினில் அலட்சியம் கூடாது. தாவர உணவில் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். பாலை நிறுத்தும்போதே மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.