கால் வைக்காத தண்ணீரும் பழுப்பானது

ரெண்டு மாதத்துக்கு முன் ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். படத்தில், கால் வழியாக நச்சை இழுப்பதாகச் சொல்லும் மின்சார மிஷின் வைத்த ஒரு பிளாஸ்டிக் டப், அதில் அவருடைய கால்கள், தண்ணீர் முழுக்கப் பழுப்பு நிறம். "அரை மணி நேரத்துல இவ்வளவு நச்சு வெளிய வந்திருக்கு டாக்டர், கிட்னி தானா சுத்தமாயிடும்னு சொன்னாங்க" என்றார். அந்த மிஷின் வைத்திருக்கும் இடத்துக்குப் போய்ப் பத்துத் தடவை உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கையில் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம்; முந்தைய பரிசோதனையில் 2.1 இருந்தது, அன்றைக்கு 3.4.

நான் சிறுநீரக மருத்துவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனால் அவரைத் திட்ட மனம் வரவில்லை, கண்ணால் பார்த்ததைத்தானே மனிதர் நம்பியிருக்கிறார். கூட வந்த மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, அதே மிஷினை அதே உப்புத் தண்ணியில, யாரும் கால் வைக்காம அரை மணி நேரம் ஓட விடச் சொல்லிப் பாருங்க."

போய்க் கேட்டிருக்கிறார், ஓட விட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதே பழுப்பு. உள்ளே இருப்பது இரும்பு கலந்த மின்முனை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது அந்த இரும்பு கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான்.

அதற்கு அங்கே சொன்ன பதில்: "ரூம்ல இருந்த கெட்ட சக்தியை இழுத்திருக்கும்."

இந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல நினைக்கிறேன். முதலில் சொன்னது சோதிக்கக்கூடியது: நிறம் காலிலிருந்து வருகிறது என்றால், கால் இல்லாதபோது நிறம் வரக் கூடாது. வந்தது, பொய்யானது. பொய்யாகப் போனாலும் அது பிடி கொடுக்கிற பேச்சு. இரண்டாவது பேச்சில் பிடியே இல்லை. நிறம் மாறினால் கெட்ட சக்தி, மாறாவிட்டால் உடம்பு சுத்தமாகிவிட்டது, எது நடந்தாலும் பொருந்திவிடும், அதனால் அது நமக்கு எதையுமே சொல்வதில்லை.

சரி, நச்சு என்கிறார்களே, எந்த நச்சு? பெயர் சொன்னால் ரத்தத்தில் முன்னும் பின்னும் அளந்துவிடலாம். எங்கள் டயாலிசிஸில் அதைத்தான் செய்கிறோம். தொடங்கும் முன் ஒரு ரத்தம், முடிந்ததும் ஒரு ரத்தம். வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு ஒரு தடவையில் ரத்தத்திலுள்ள யூரியா என்ற கழிவு 65 சதவீதமாவது இறங்க வேண்டும், இறங்காவிட்டால் சிகிச்சை போதவில்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டு, ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாயில், ரத்த ஓட்டம் குறைந்ததா, நேரம் பற்றவில்லையா என்று தேட ஆரம்பிக்கிறோம்.

இதற்குப் பெரிய ஆய்வகம்தான் வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, 9 வயதில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். நோயாளியின் உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்னவர்களை உட்காரவைத்து, நடுவே ஓர் அட்டைத் தடுப்பு, அதன் அடியில் அவர்களுடைய இரண்டு கைகள். காசைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்து, "எந்தக் கை?" என்று கேட்டாள். 21 பேர், 280 தடவை, சரியான பதில் 123. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானபோது அவளுக்கு 11 வயது.

வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்தால் சுகமாக இருக்கும், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்தச் சுகத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பயமாக இருக்கிறது.

அவர் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். "உங்க மருந்து மட்டும் வேலை செய்யும்னு எப்படி நம்புறது?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆறு வாரத்தில் பிரஷர் 130/80-க்குக் கீழே வராவிட்டால் நான் எழுதியது இவருக்குப் போதவில்லை, மாற்ற வேண்டும் என்று அவருடைய நோட்டிலேயே தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் அளந்து அதற்குக் கீழே குறித்துக்கொண்டு வருகிறார், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.