பாஸ்வேர்டு மாறிய பிறகும் பேக்கப் ஓடுகிறதா? வெப் அப்ளிகேஷன் செட்டிங்ஸும் தனி ஸ்கிரிப்டுகளும்

இரவில் பேக்கப் எடுப்பது, வரிசையில் நிற்கும் மெயில்களை அனுப்புவது, காலாவதியான பதிவுகளைக் கழிப்பது என்று எந்த வெப் அப்ளிகேஷனை எடுத்தாலும் அதன் பக்கத்தில் நாலைந்து தனி ஸ்கிரிப்டுகள் இருக்கும். அவசரத்தில் எழுதும்போது டேட்டாபேஸ் முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் அப்ளிகேஷனிலிருந்து காப்பி செய்து ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் ஒட்டிவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும்.

பாஸ்வேர்டை மாற்றும் நாளில்தான் வினை. அப்ளிகேஷன் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஃபோன் வந்துவிடும். ஸ்கிரிப்ட் நின்றால் யாரும் திறக்காத லாகில் (பதிவு ஃபைலில்) ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பேக்கப் ஸ்கிரிப்டில் இது இன்னும் மோசம். டேட்டாபேஸை நகலாக எழுதும் டம்ப் கட்டளையின் வெளியீட்டை பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையிலிருந்து நேராக அடுத்ததற்கு, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு அனுப்புவது வழக்கம். லாகின் தோற்றாலும் ஜிஜிப் வெறும் உள்ளீட்டைச் சுருக்கி 20 பைட் ஃபைல் ஒன்றை எழுதி, வெற்றி என்றே சொல்லி முடியும். கட்டளைகளை ஓட்டும் ஷெல் பார்ப்பது பைப்பின் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான். ஆக, நாள்தோறும் சரியான தேதியோடு ஃபைல் வந்துகொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் விருப்பத்தை இயக்கினால் இந்தத் தோல்வி வெளியே தெரியும். ஆனால் மூல காரணம், ஒரே மதிப்பு இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருப்பது.

ஸ்கிரிப்டும் அப்ளிகேஷனும் ஒரே மொழியில் இருந்தால், ஸ்கிரிப்டை, அப்ளிகேஷனைக் கட்டிய ஃப்ரேம்வொர்க்கின் (ஜாங்கோ, லாராவெல் போன்றவை) கட்டளையாகவே எழுதுங்கள். என் கணிப்பில் பத்தில் எட்டு ஸ்கிரிப்டுகளுக்கு இது போதும். ஜாங்கோவில் மேனேஜ்மென்ட் கமாண்ட், ரெயில்ஸில் ரன்னர் அல்லது ரேக் டாஸ்க், லாராவெலில் ஆர்ட்டிசன் கமாண்ட், ஃப்ளாஸ்கில் அதன் கட்டளைவரி வசதி என்று எல்லாவற்றிலும் வழி இருக்கிறது. செட்டிங்ஸ், மாடல்கள், நேர மண்டலம் எல்லாம் அப்ளிகேஷன் பார்க்கும் அதே வடிவில் கிடைக்கும். நேர மண்டலத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியிலும் அப்ளிகேஷன் வேறு மண்டலத்திலும் இருந்தால், 'நேற்றைய பதிவுகள்' என்று தனி ஸ்கிரிப்ட் எடுக்கும் கணக்கு சில மணி நேரம் தள்ளிப்போகும்.

ஜாங்கோவில் தனி ஃபைலாகவே வைத்தாக வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் செட்டிங்ஸ் மாட்யூலின் பெயரைச் சூழல் மாறியில் (புரோகிராமுக்கு வெளியிலிருந்து மதிப்பு தரும் மாறி) வையுங்கள், அடுத்து செட்டப் ஃபங்ஷனை அழையுங்கள், அதன்பிறகே மாடல்களை இம்போர்ட் செய்யுங்கள். 1.7 பதிப்பிலிருந்து இதுதான் முறை. மாடல் இம்போர்ட் மேலே ஏறிவிட்டால் ஆப்கள் இன்னும் ஏற்றப்படவில்லை என்ற பிழை வரும். ஃபைலின் தலையில் இம்போர்ட்களை அடுக்கித்தரும் ஃபார்மேட்டர் கருவிகள் இந்த வரிசையைக் கலைத்துவிடும், கவனம். லாராவெலில் வேறொரு பொறி இருக்கிறது. கான்ஃபிக் கேஷ் செய்துவிட்டால், அதாவது கான்ஃபிக் மதிப்புகளை ஒரே ஃபைலில் சேமித்துவிட்டால், சூழல் மாறிகள் இருக்கும் டாட் என்வ் ஃபைல் ஏற்றப்படாது. கான்ஃபிக் ஃபைல்களுக்கு வெளியே என்வ் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் கோடுக்கு அந்த ஃபைலின் மதிப்பு வராது, நல் (வெற்று மதிப்பு) என்றுதான் வரும்.

அப்ளிகேஷன் பைத்தானிலும் பேக்கப் ஷெல்லிலும் இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சூழல் ஃபைல் (சூழல் மாறிகளை எழுதிய ஃபைல்) வையுங்கள். கோடு இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டுக்குள் போகாத இடத்தில், உரிமை ரூட்டுக்கு, படிக்கும் அனுமதி ஒரு குரூப்புக்கு மட்டும், அதாவது 640. அப்ளிகேஷனும் ஸ்கிரிப்டும் ஓடும் யூசர்களை அந்தக் குரூப்பில் சேர்த்தால் போதும். பாஸ்வேர்டைக் கட்டளையோடு ஆர்குமென்ட்டாகக் கொடுக்காதீர்கள். பொதுவாக அதே சர்வரில் உள்ள மற்றவர்களும் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்த்துவிட முடியும்.

அந்த ஃபைலை ஒவ்வொரு கருவியும் தன் பாணியில் படிக்கும், பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஷெல்லில் சோர்ஸ் செய்தால் ஃபைல் கோடாகவே ஓடுகிறது. பாஸ்வேர்டின் நடுவில் டாலர் குறி இருந்தால், அதை அடுத்து வரும் எழுத்துகளை மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு ஷெல் அந்தத் துண்டையே விழுங்கிவிடும். பேக்டிக் இருந்தால் அதற்குள் உள்ளதைக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி மாறிகளை விரிப்பதில்லை, எக்ஸ்போர்ட் என்று தொடங்கும் வரியையும் ஏற்பதில்லை. அப்ளிகேஷனைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் டாக்கர் ரன் கட்டளைக்கு இதே ஃபைலைக் கொடுத்தால் மேற்கோள் குறிகளும் பாஸ்வேர்டின் பகுதியாகவே போய்விடும். ஆகவே ரகசிய மதிப்புகளை எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டவையாக, 32 எழுத்துக்குக் குறையாமல் உருவாக்குங்கள். மேற்கோள், இடைவெளி, எக்ஸ்போர்ட் எதுவும் வேண்டாம். அப்போது மூன்றும் ஒரே மாதிரி படிக்கும். ஷெல்லில் சோர்ஸ் செய்யும் முன் செட் கட்டளையை ஏ விருப்பத்தோடு கொடுத்தால்தான் அந்த மாறிகள் அடுத்து ஓடும் புரோகிராமுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று, சூழல் மாறியில் வருவதெல்லாம் எழுத்துச்சரம். டீபக் மதிப்பு 'ஃபால்ஸ்' என்று வந்தாலும் பைத்தான் அதைக் காலியில்லாத சரமாகப் பார்த்து உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். சொல்லை ஒப்பிட்டு நீங்களே மாற்ற வேண்டும்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் உங்கள் ஷெல்லின் ப்ரொஃபைல் ஃபைல்களைப் படிப்பதில்லை. பாத் மாறியும் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகக் குறுகலாக இருக்கும். வேலை தொடங்கும் ஃபோல்டர் அந்த யூசரின் ஹோம். எஸ்கியூலைட் ஃபைலுக்குச் சார்புப் பாதை (தொடங்கும் ஃபோல்டரைப் பொறுத்த பாதை) கொடுத்திருந்தால் ஹோமில் வெற்று டேட்டாபேஸ் ஒன்று புதிதாக உருவாகி, 'டேபிள் இல்லை' என்று பிழை வரும். ஆள் டேபிளைத் தேடிக்கொண்டிருப்பார், ஸ்கிரிப்ட் திறந்ததோ வேறு ஃபைல். பைத்தான் இன்டர்ப்ரெட்டர் உட்பட எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள்.

எல்லாவற்றையும் பகிரவும் கூடாது. லாக் செட்டிங்ஸைப் பகிர்ந்து, ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடினால், லாக் சுழற்சிக்குப் பின் (பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புதியது தொடங்கும்போது) புதிய லாக் ஃபைலை ரூட்டே உருவாக்கிவிடும். மறுநாள் அப்ளிகேஷன் அதில் எழுத முடியாமல் விழும். பைத்தானில் பல ப்ராசஸ்கள் ஒரே லாக் ஃபைலில் எழுதுவதற்கு ஆதரவு கிடையாது. ஸ்கிரிப்டுக்குத் தனி லாக் கொடுங்கள். டேட்டாபேஸ் யூசரும் தனியாக இருக்கட்டும், பேக்கப்புக்கு எழுதும் உரிமை தேவையில்லை. மணிக்கணக்கில் ஓடும் ஜாங்கோ ஸ்கிரிப்டில் பழைய இணைப்புகளை மூடும் ஃபங்ஷனை நீங்களே அழைக்க வேண்டும். வெப்பில் ஒவ்வொரு ரிக்வெஸ்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அது தானாக நடக்கும், ஸ்கிரிப்டில் ரிக்வெஸ்ட் என்பதே இல்லை. மைஎஸ்கியூஎல்லோ 28,800 விநாடி சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாகவே துண்டித்துவிடும்.

தேவையான மாறி இல்லையென்றால் இயல்பு மதிப்புக்குத் தாவாமல், அதன் பெயரைச் சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் உடனே நிற்க வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் என்று இயல்பு மதிப்பு கொடுத்து வைத்தால் ஒருநாள் தவறான டேட்டாபேஸில் டெலிட் ஓடும். தொடங்கும்போது டேட்டாபேஸின் ஹோஸ்ட், பெயர், யூசர் மூன்றையும் லாகில் ஒரு வரி எழுதட்டும், பாஸ்வேர்டு வேண்டாம். கிரானில் ஏற்றும் முன், என்வ் கட்டளையை ஐ விருப்பத்தோடு கொடுத்துச் சூழலைக் காலியாக்கி, ஹோம் ஃபோல்டரிலிருந்து, ஸ்கிரிப்ட் ஓடப்போகும் அதே யூசராக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையைச் செய்து, வந்த பேக்கப் ஃபைலின் அளவையும் பாருங்கள்.