எது மத ஒடுக்குமுறை?

"கிறிஸ்தவங்கன்னுதான் சார் எங்களைத் துன்புறுத்துறாங்க." சேலத்தில் வக்கீல் தொழில் பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே நான் கேட்பது: உங்கள் இடத்தில் வேறு மதத்துக்காரர் இருந்தால் அவருக்கும் இதே நடந்திருக்குமா?

நடந்திருக்கும் என்றால் அது ஒடுக்குமுறை அல்ல. இரவு 10 மணிக்கு மேல் ஜெபக்கூட்டத்தில் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வது அந்த வகை. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே சென்னைச் சபை ஒன்றின் வழக்கில்தான். சரி, ஆடிப் பண்டிகைக்கு விடிய விடியப் பாட்டு ஓடும் தெருவில் உங்கள் ஸ்பீக்கரை மட்டும் கழற்றினால்? அப்போது விஷயம் வேறு.

உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் பலர் அதை ஒடுக்குமுறை என்றே சொல்வதில்லை. ஏற்காட்டுப் பக்கம் ஒரு குடும்பம், சர்ச்சுக்குப் போக ஆரம்பித்த பிறகு கோயில் பண்டிகைக்கு வரி தரவில்லை. யாரும் அடிக்கவில்லை. காபித் தோட்டத்து வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. குழாயடியில் அவர்கள் குடத்தை மட்டும் நகர்த்தி வைத்தார்கள். கடையில் அரிசி கேட்டால், மூட்டை கண்முன்னே இருக்க, "தீர்ந்துடுச்சு" என்றார்கள். அந்த அம்மா என்னிடம் வந்ததோ பட்டா விஷயமாக. இதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது ஊர் வழக்கமுங்க" என்றார்.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். "ஞானஸ்நானம் வாங்கிட்டீங்களா, அப்ப எஸ்.டி. கிடையாது" என்று ஏற்காடு போன்ற மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே என்ற நிபந்தனை 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதிக்குத்தான். பழங்குடிப் பட்டியலுக்கு இல்லை. (அந்த நிபந்தனையே நியாயமா என்பது வேறு வழக்கு. கிளார்க்கிடம் சண்டை போட்டு அது தீராது.) மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், வீட்டு ஜெபத்தில் கும்பல் புகுந்தால் ஸ்டேஷனில் "சமாதானமாப் போயிடுங்க" என்று பேசி, இனி ஜெபம் நடத்த மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்வதுண்டு. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படி கூடி வழிபடுகிறவர்களை வேண்டுமென்றே குலைப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 300-ஆம் பிரிவின்படி குற்றம். தேதி, நேரம், வந்தவர்கள் பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் புகாரில் எழுதி ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.